புதிய தெருவில் சைக்கிள் பாதை

புதிய தெரு ஒன்றில் சைக்கிளுக்கு இடம் உண்டா இல்லையா என்பது, மழைநீர் வடிகாலுக்குக் கயிறு பிடிக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. வடிகால், ஓரக்கல், மின்கம்பம் மூன்றும் ஊன்றப்பட்ட பிறகு நடுவில் மிஞ்சுவதெல்லாம் மோட்டார் வாகனங்களின் இடம். தார் போட்டு முடித்தபின் அதன் ஓரத்தில் கோடு இழுத்து, சைக்கிள் படம் வரைந்தால், அந்தக் கோட்டுக்குள் முதலில் வந்து நிற்பது கார். இந்திய நகரங்களில் பல சைக்கிள் பாதைகள் இப்படித்தான் வீணாயின. ஓட்ட ஆள் இல்லாமல் அவை வீணாகவில்லை. வேலைக்கு எதில் போகிறீர்கள் என்ற கேள்வியை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேட்டபோது, விவசாயமும் வீட்டுத்தொழிலும் சாராத தொழிலாளர்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேர் சைக்கிள் என்று சொன்னார்கள். கார் என்று சொன்னவர்களைவிட இவர்கள் பல மடங்கு அதிகம்.

எடுத்துக்காட்டாக, கேரளத்தின் மேற்குக் கொச்சி சைக்கிளுக்கு ஏற்ற நிலம். கடல்மட்டத்தை ஒட்டிய சமதளம். மேடு என்று இருப்பவை பாலங்கள் மட்டும். அங்குள்ள பழைய குடியிருப்பான கொச்சங்காடியிலிருந்து மட்டாஞ்சேரி படகுத்துறைக்கோ தோப்பும்படிக்கோ நிதானமாக மிதித்தாலும் கால்மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பீனுக்கு ஜங்கார் என்னும் வாகனப் படகில் சைக்கிளோடு ஏறிக் கடக்கலாம். எர்ணாகுளம் பக்கத்தில், 2020 நவம்பரிலிருந்து மெட்ரோ ரயிலிலும் சைக்கிளை ஏற்றிச் செல்ல அனுமதி கிடைத்தது. 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் ஒன்றாகக் கொச்சி தேர்வானபோது, எர்ணாகுளத்தின் மையப் பகுதியோடு ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் திட்ட எல்லைக்குள் வந்தன. இப்படி ஒரு நகரம் தன் தெருக்களைத் தோண்டித் திரும்பப் போடும் சமயம்தான் சைக்கிள் பாதையைப் பற்றிப் பேசுவதற்கான சமயம். அது தலைமுறைக்கு ஒருமுறை வந்தால் அதிகம்.

எந்தத் தெருவுக்கு எது

முதல் கேள்வி அகலம் பற்றியதல்ல, வேகம் பற்றியது. மோட்டார் வாகனங்கள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாத தெருவில் சைக்கிளும் ஆட்டோவும் ஸ்கூட்டரும் ஒரே பரப்பில் ஓடலாம். தனிப் பாதை தேவையில்லை. வேகம் 50-ஐத் தொடும் சாலையில் சைக்கிளை ஓரக்கல்லால் பிரித்தே ஆக வேண்டும். மோதும் வண்டியின் வேகம் 30-லிருந்து 50-க்கு உயரும்போது அடிபட்டவர் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில், கோடு மட்டும் போட்ட பாதை என்று ஒன்று உண்டு. ஓரத்தில் வண்டி நிற்காத, பஸ் அதிகம் போகாத தெருவில் மட்டுமே அதற்குப் பயன் உண்டு. அத்தகைய தெரு நம் நகரங்களில் அபூர்வம் என்பதால், புதிய தெருவுக்குக் கோட்டுப் பாதையை இந்த நூல் பரிந்துரைக்கவில்லை.

கொச்சங்காடி முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1344-ல் இங்கே ஒரு யூதத் தொழுகைக்கூடம் கட்டப்பட்டதைச் சொல்லும் கல்வெட்டு, இப்போது மட்டாஞ்சேரி பரதேசி தொழுகைக்கூடத்தின் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. செம்பிட்டப்பள்ளி என்ற பள்ளிவாசல் எழுந்தது 16-ம் நூற்றாண்டில். நடப்பவருக்கும் கைவண்டிக்கும் வளர்ந்த தெருக்கள் இவை. சைக்கிள் பாதை வேண்டும் என்று சொல்லி இங்கே கடை வாசலையோ வீட்டுத் திண்ணையையோ இடிப்பது பெரும் பிழை. இத்தகைய தெருவைப் புதுப்பிக்கும்போது செய்ய வேண்டியவை வேறு. தெருவுக்குள் நுழையும் இடத்தில் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய மேடை ஒன்று வேண்டும். அதன்மேல் ஏறி இறங்கும் வண்டி தானாக வேகம் குறைக்கும். உள்ளே எழுபது எண்பது மீட்டருக்கு ஒன்றாக அதேபோன்ற மேடைகள் வர வேண்டும். ஊரைக் கடந்துபோகும் கார்கள் குறுக்கு வழியாகப் பயன்படுத்தாதபடி ஓரிரு இடங்களில் குட்டைத் தூண் நட்டு, நடப்பவரையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் விடலாம். தீயணைப்பு வண்டிக்காகக் கழற்றக்கூடிய தூணாக அது இருக்க வேண்டும். தெருவை ஒருவழியாக்கினால் அந்தக் கட்டுப்பாடு மோட்டார் வாகனத்துக்கு மட்டும் என்று எழுதி வைக்க வேண்டும். ஒருவழித் தெருவில் சைக்கிளை மட்டும் எதிர்த்திசையிலும் விடுவது பெல்ஜியத்திலும் பிரான்சிலும் சாதாரண நடைமுறை. மூட்டை கட்டிய சைக்கிளை ஓட்டிவருபவரைப் பார்த்து, ஊரைச் சுற்றி வா என்று சொல்லும் போக்குவரத்துத் திட்டம் நியாயமான திட்டமல்ல.

மட்டாஞ்சேரியின் பஜார் சாலை போன்ற சரக்குத் தெருக்கள் தனி வகை. மிளகும் இஞ்சியும் அரிசியும் ஏற்றி இறக்கும் லாரிகள் அங்கே நிற்கத்தான் செய்யும். நிற்பதற்கென்று நேரமும் இடமும் குறித்துக் கொடுக்காவிட்டால் அவை எந்தப் பாதையிலும் நிற்கும். சரக்குத் தெருவில் ஏற்றியிறக்கும் இடத்தை முதலில் வரைந்துவிட்டு, மிச்சத்தில் சைக்கிளைப் பற்றி யோசிப்பதே நடைமுறைக்கு உகந்தது.

அளவுகள்

இந்தியச் சாலைப் பேராயம் சைக்கிள் பாதைகளுக்கான தன் 11-ம் எண் நெறிமுறையை 1962-ல் வெளியிட்டது, 2015-ல் திருத்தியது. ஒரு சைக்கிளுக்கு 1 மீட்டர் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. ஆனால் 1 மீட்டர் பாதையில் ஒருவரை ஒருவர் முந்த முடியாது. முன்னால் மூன்று சக்கரச் சரக்கு வண்டி போனால் பின்னால் வருபவர் எல்லோரும் பொறுமையிழந்து வாகனப் பாதைக்கு இறங்குவார்கள். ஆகவே ஒரு திசைக்குக் குறைந்தது 2 மீட்டர். இரு திசைக்கும் ஒரே பாதை என்றால் குறைந்தது 3 மீட்டர். தலைக்கு மேல் 2.25 மீட்டர் வரை மரக்கிளையோ பெயர்ப்பலகையோ குறுக்கிடக் கூடாது. சைக்கிள் பாதைக்கும் வாகனப் பாதைக்கும் நடுவே 1 மீட்டர் இடைவெளி நல்லது. இடமே இல்லாவிட்டால் அரை மீட்டர்.

18 மீட்டர் அகலமுள்ள தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் இரண்டு பஸ்கள் மெதுவாக எதிரெதிரே கடக்க 6.5 மீட்டர். ஒவ்வொரு பக்கமும் 2.5 மீட்டர் நடைபாதை, 2 மீட்டர் சைக்கிள் பாதை, மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் 1 மீட்டர் பட்டை, ஓரக்கற்களுக்குக் கால் மீட்டர். கூட்டினால் சரியாக 18. இந்தக் கணக்கில் கார் நிறுத்த இடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் கார் நிற்க 2 மீட்டர் கொடுத்தால் அந்தப் பக்கத்துச் சைக்கிள் பாதை போய்விடும். கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் மாநகராட்சியும் இந்தப் பேரத்தை வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். இரண்டும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தால், திறப்பு விழாவுக்கு மறுநாள் அந்தப் பேரம் தெருவில் நடக்கும். அதில் தோற்பது எப்போதும் சைக்கிள்தான்.

ஒரு பக்கம் கால்வாயோ காயலோ இருந்து, அந்தப் பக்கம் வீட்டு வாசலும் குறுக்குத் தெருவும் குறைவாக இருந்தால், இருதிசைப் பாதையை அந்தக் கரையோரமாகவே 3 மீட்டரில் அமைக்கலாம். கொச்சியில் இதற்கு வாய்ப்புள்ள இடங்கள் உண்டு. இருபுறமும் கடைகள் நெருங்கிய தெருவில் இதைச் செய்யக் கூடாது. குறுக்குத் தெருவிலிருந்து திரும்பும் ஓட்டுநர், சைக்கிள் ஒரு திசையிலிருந்துதான் வரும் என்று எதிர்பார்த்துத் திரும்புவார். மறுதிசையில் வருபவர் அடிபடுவார்.

பாலத்தின் ஏற்றத்தில் தனிக் கவனம் தேவை. 30 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற ஏற்றம் 90 மீட்டர் தூரத்துக்கு மேல் நீளக் கூடாது என்பது பேராயத்தின் வரம்பு. ஏற்றத்தில் சைக்கிள் பக்கவாட்டில் ஆடும்; இறங்கிச் சிலர் தள்ளுவார்கள். பாலத்துக்கு வந்ததும் பாதையைக் குறுக்குவது வழக்கமாக நடக்கும் தவறு. உண்மையில் அங்கேதான் அது அகலமாக வேண்டும்.

சந்திப்பு, பஸ் நிறுத்தம், வாசல்

நேர்ப்பாதையில் ஓரக்கல் காப்பாற்றும். விபத்து நடப்பது பாதை அறுபடும் இடங்களில். ஒரு தெருவின் சைக்கிள் பாதையை மதிப்பிட வேண்டுமானால் அதன் சந்திப்புகளை மட்டும் பார்த்தால் போதும்.

இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் முதல் ஆபத்து, இடதுபுறம் திரும்பும் வண்டி, நேராகப் போகும் சைக்கிளை வெட்டுவது. முனை அகலமாக வளைந்திருந்தால் லாரி வேகம் குறைக்காமலே திரும்பும். முனையின் வளைவைச் சுருக்கினால் ஓட்டுநர் ஏறத்தாழ நின்று திரும்ப வேண்டியிருக்கும். திரும்பும்போது சைக்கிள் அவர் கண்ணுக்கு நேராக வரும். குறுக்குத் தெருவைக் கடக்கும் இடத்தில் சைக்கிள் பாதையும் நடைபாதையும் கீழே இறங்கக் கூடாது. அவை அதே மட்டத்தில் தொடர, வாகனம்தான் ஏறி இறங்க வேண்டும். வீட்டு வாசலுக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் இதே விதி. ஒவ்வொரு வாசலிலும் பாதையைச் சரித்து இறக்கினால், சைக்கிள்காரர் அலைபோல ஏறி இறங்கிச் சலித்து, சமமாக இருக்கும் வாகனப் பாதைக்கே போய்விடுவார்.

குறுக்குத் தெருவைக் கடக்கும் கோட்டை வாகனப் பாதையிலிருந்து ஒரு கார் நீளம், சுமார் 5 மீட்டர், உள்வாங்கி அமைக்க முடிந்தால் நல்லது. திரும்பிய கார் பின்னால் வரும் வண்டிகளை மறிக்காமல் அந்த இடைவெளியில் நின்று சைக்கிளுக்கு வழிவிட முடியும். சிக்னல் உள்ள பெரிய சந்திப்பில், சைக்கிளுக்கான நிறுத்தக்கோட்டை மற்ற வண்டிகளுக்கு முன்னால் போட்டு, பச்சை விளக்கைச் சைக்கிள்காரர்களுக்குச் சில நொடிகள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். வலதுபுறம் திரும்புபவர் நடுச்சாலைக்குப் போகாமல், முதலில் நேராகக் கடந்து, மறுமுனையில் காத்திருந்து, இரண்டாவது பச்சையில் போகலாம். அங்கே காத்திருக்க நாலைந்து சைக்கிள் நிற்கும் அளவு இடமும், மழை மறைப்பும் இருந்தால் எல்லோரும் இந்த முறையையே பின்பற்றுவார்கள்.

பஸ் நிறுத்தத்தில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால் ஒவ்வொரு பஸ்ஸும் ஓரங்கட்டும்போது சைக்கிளை நசுக்கும். பின்னால் கொண்டுபோகும்போது இறங்கும் பயணிகள் பாதையைக் கடப்பார்கள் என்பதால், அந்த இடத்தைச் சற்று உயர்த்தி, நடப்பவருக்கே முன்னுரிமை என்று குறிக்க வேண்டும். பார்வையற்றோருக்கான தொடுகற்களும் அங்கே வர வேண்டும். சைக்கிளுக்காக நடப்பவரின் இடத்தைப் பிடுங்கும் பாதை ஒரு நியாயத்தைக் கெடுத்து இன்னொன்றைத் தேடுகிறது. நடைபாதை மேலேயே சைக்கிள் படம் வரைந்து கணக்குக் காட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

மழையும் மேற்பரப்பும்

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம் வந்துவிடும். மட்டாஞ்சேரியின் தாழ்ந்த இடங்களில் மழை இல்லாத நாளிலும், கடல் ஓதம் ஏறும்போது கால்வாய் நிரம்பித் தெருவுக்கு வருவதுண்டு. இந்த ஊரில் சைக்கிள் பாதை வாகனப் பாதையின் மட்டத்திலேயே ஓரமாக இருந்தால், தண்ணீர் தேங்கும் முதல் இடம் அதுவாகிவிடும். பாதை வாகனப் பாதையைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில், நடைபாதையைவிட 5 சென்டிமீட்டர் தாழ்ந்து இருப்பது நல்லது. மூன்று மட்டங்கள் இருந்தால் யாருக்கு எது என்பது பலகை இல்லாமலே புரியும். நடைபாதைப் பக்கத்து ஓரக்கல் சாய்வாக இருந்தால் மிதிக்கட்டை இடிக்காது. தடுமாறியவர் விழாமல் ஏறிக்கொள்ளலாம்.

வடிகால் மூடிகளின் மேல் பாதை போடக் கூடாது. சிமென்ட் பலகைகளின் இணைப்புகள் ஓராண்டில் மேடு பள்ளமாகும். உடைந்த பலகை ஒன்று போதும், சக்கரம் உள்ளே போக. தண்ணீர் இறங்கும் இரும்புக் கிராதிகளின் கம்பிகள் பயணத் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் கம்பிகளுக்கு இடையில் மாட்டும். ஒப்பந்ததாரர் கிராதியை எந்தத் திசையில் வேண்டுமானாலும் பொருத்தலாம், செலவு ஒன்றே. ஆகவே இதை வரைபடத்தில் எழுதி வைக்க வேண்டும்.

மேற்பரப்புக்குத் தாரோ, இயந்திரத்தால் சமன்செய்த கான்கிரீட்டோ போதும். கேரளத்தில் எங்கும் பதிக்கப்படும் பேவர் பிளாக் பார்வைக்கு அழகு. ஆனால் விளிம்பு சீவிய கற்களில் ஒவ்வொரு இணைப்பும் கையை அதிர வைக்கும், நிழலான இடங்களில் பருவமழையில் பாசி பிடித்து வழுக்கும். சைக்கிள் பாதை வாகனப் பாதையைவிடக் கரடாக இருந்தால் அதில் யாரும் ஓட்ட மாட்டார்கள். செந்நிறம் பூசுவது சந்திப்புகளில் மட்டும் போதும். அங்கும் மணல் கலந்த, வழுக்காத பூச்சே வேண்டும். முழு நீளத்துக்கும் பெயின்ட் அடிப்பது படம் எடுக்க உதவும். அந்தச் செலவில் இன்னொரு சந்திப்பைச் சரியாகக் கட்டலாம்.

குடிநீர்க் குழாய், மின்கேபிள், தொலைத்தொடர்புக் கம்பி ஆகியவற்றின் குழாய்ப்பாதையை நடைபாதைக்கு அடியில் முன்கூட்டியே அமைக்க வேண்டும். அவை சைக்கிள் பாதைக்கு அடியில் போனால், முதல் ஆண்டிலேயே யாரோ வெட்டிவிட்டு மண்ணைப் போட்டு மூடுவார்கள்.

பாதையில் நிற்கும் வண்டி

பெங்களூரு ஜெயநகரில் 2010-களின் தொடக்கத்தில் சைக்கிள் பாதைகள் குறிக்கப்பட்டன. பெரும்பாலும் கோடும் சிறு தடுப்பும் மட்டும் கொண்டவை அவை. விரைவில் வண்டி நிறுத்தும் இடங்களாயின. அதே நகரில் 2020 அக்டோபர் வாக்கில், பெருந்தொற்றுக் காலத்தில், வெளிவட்டச் சாலையில் சில்க் போர்டு பக்கத்திலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீட்டருக்கு, பஸ்களுக்கான தனித்தடத்தை ஒட்டி, பிளாஸ்டிக் தூண்கள் நட்டுத் தற்காலிகச் சைக்கிள் பாதை போடப்பட்டது. தூண்கள் உடைந்தன, இருசக்கர வாகனங்கள் உள்ளே புகுந்தன, பிறகு மெட்ரோ பணிகள் சாலையை எடுத்துக்கொண்டன. டெல்லியில் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் இடையே 2008-ல் தொடங்கிய பஸ் தடத்தோடு தனிச் சைக்கிள் பாதையும் கட்டப்பட்டது. நெரிசல் நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் அதில் ஓடின. கார்களின் இடத்தைப் பஸ் தடம் பிடித்துக்கொண்டது என்ற எதிர்ப்பு ஓயாமல், 2016-ல் அந்தத் தடமே அகற்றப்பட்டது.

இவற்றிலிருந்து கிடைக்கும் பொறியியல் செய்தி ஒன்று உண்டு. ஆட்டோவின் அகலம் 1.3 மீட்டர். பாதையின் நுழைவில் குட்டைத் தூண்களை 1.2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஆட்டோவும் காரும் நுழையாது. சக்கர நாற்காலியும் மூன்று சக்கரச் சைக்கிளும் பெரும்பாலும் நுழையும். ஆனால் மோட்டார் சைக்கிளைத் தூணால் தடுக்க முடியாது, ஏனெனில் அதன் கைப்பிடியும் சைக்கிளின் கைப்பிடியும் ஏறத்தாழ ஒரே அகலம். அதைத் தடுக்க வளைந்த இரும்புக் கேட் வைத்தால் சக்கர நாற்காலியும் மீன் கூடை கட்டிய சைக்கிளும் முதலில் மாட்டிக்கொள்ளும். மோட்டார் சைக்கிளுக்குச் சட்டமும் அபராதமும்தான் வழி. சைக்கிளுக்கென ஒதுக்கிய பாதையில், சீருடையிலுள்ள காவலரின் அனுமதி இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்பது, 2017-ல் மாற்றப்பட்ட 1989-ன் சாலை விதி ஒழுங்குமுறைகளிலேயே இருந்தது. புதிய பாதை திறந்த முதல் மூன்று மாதங்கள் காவலர் நின்று அபராதம் போட்டால் பழக்கம் படியும். அந்த மூன்று மாதங்களைத் தவறவிட்டால் பின்னால் மீட்பது கடினம்.

காருக்கு இடம் கொடுத்தே தீர வேண்டிய தெருவில், கார் வாகனப் பாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவில் நிற்கட்டும். திறக்கும் கதவு சைக்கிள்காரரின் மேல் படாமல் இருக்க நடுவே முக்கால் மீட்டராவது விட வேண்டும்.

தொடர்ச்சியும் பராமரிப்பும்

பாதை எங்கே போய்ச் சேர்கிறது என்பது அதன் அழகைவிட முக்கியம். ஹைதராபாத்தில் 2023 அக்டோபரில் வெளிவட்டச் சாலையோரம் 23 கிலோமீட்டருக்கு, 4.5 மீட்டர் அகலத்தில், மேலே சூரியத் தகடுகள் வேய்ந்த சைக்கிள் பாதை திறக்கப்பட்டது. வெயிலையும் மழையையும் தடுக்கும் அருமையான கட்டுமானம் அது. உடற்பயிற்சிக்கு வருபவர்களுக்கு வரம். ஆனால் கடைக்கும் பள்ளிக்கும் போகும் வழியில் அது இல்லை. ஸ்பெயினின் செவில் நகரம் 2006-க்குப் பின் நாலைந்து ஆண்டுகளில் சுமார் 80 கிலோமீட்டர் பிரிக்கப்பட்ட பாதைகளை ஒன்றோடொன்று இணைத்து, பெரும்பாலும் கார் நிறுத்தும் இடத்தை எடுத்துக் கட்டியது. அங்கே சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. துண்டு துண்டாகக் கட்டியிருந்தால் அது நடந்திருக்காது.

சென்னை மாநகராட்சி 2014-ல் ஏற்றுக்கொண்ட மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதத்தை நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கச் சொன்னது. அப்படி ஒரு கொள்கை இருந்தால் கவுன்சிலரோ குடியிருப்போர் சங்கமோ ஒவ்வொரு புதிய தெருவின் மதிப்பீட்டிலும் அந்த ஒதுக்கீட்டைத் தேடலாம். இல்லாவிட்டால் கேள்வி கேட்கலாம். தமிழ்நாடு அரசு, அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் பிளஸ் ஒன் மாணவ மாணவியருக்கு ஆண்டுதோறும் இலவசச் சைக்கிள் கொடுக்கிறது. அந்தச் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பெண்ணை, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கும் வடிகாலுக்கும் நடுவில் போகவிடுவது பாதி வேலையைத்தான் செய்ததாகும். கொச்சியிலும் எண்ண வேண்டியவர்கள் அதிகாலையில் பேப்பர் போடுபவர், மீன் விற்பவர், ஓட்டலில் வேலை முடித்து நள்ளிரவில் திரும்பும் வடமாநிலத் தொழிலாளி. போக்குவரத்துக் கணக்கெடுப்பைக் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு முடித்தால் இவர்கள் யாரும் தாளில் வர மாட்டார்கள். காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை, ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிறும் எண்ண வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் தனிப்பத்தியில் குறிக்க வேண்டும். தெருவிளக்குகளும் இந்த நேரங்களை மனத்தில் வைத்து, வாகனப் பாதையை நோக்கியது போலவே சைக்கிள் பாதையை நோக்கியும் பொருத்தப்பட வேண்டும்.

திறந்தபின் செய்ய வேண்டியவை சிறியவை. ஆனால் விட்டால் பாதை போய்விடும். மணலும் இலையும் உடைந்த கண்ணாடியும் ஓரத்தில்தான் சேரும். அந்தப் பாதையை வாரம் ஒருமுறை பெருக்குவது துப்புரவு ஒப்பந்தத்தில் தனி வரியாக இருக்க வேண்டும். மே மாதத்துக்குள் கிராதிகளையும் வடிகாலையும் தூர்வார வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் உள்ளவை போன்ற பெரிய தூங்குமூஞ்சி மரங்களின் வேர் மேற்பரப்பைத் தூக்கும் இடங்களில், மரத்தை வெட்டாமல் பாதையைச் சற்று வளைத்தோ உயர்த்தியோ கொண்டுபோக வேண்டும். நிழல் இல்லாத பாதையில் ஏப்ரல் நடுப்பகலில் யாரும் மிதிக்க முடியாது. குழாய் வேலைக்கு யார் வெட்டினாலும் முழு அகலத்துக்கும் திரும்பப் போட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி, வைப்புத்தொகை வாங்கிவிட வேண்டும். ஓராண்டு முடிந்ததும் முதலில் எண்ணிய அதே இடங்களில், அதே நேரங்களில் மறுபடி எண்ணி, பாதையில் போகிறவர்கள் எத்தனை பேர், பாதை இருந்தும் சாலையில் போகிறவர்கள் எத்தனை பேர் என்று பிரித்து எழுத வேண்டும். இரண்டாவது எண் எங்கே அதிகமோ, அங்கேதான் அடுத்த பழுதுபார்ப்பு தொடங்க வேண்டும்.